எல்லாத்தையும் அணைச்ச பிறகும் ஓடின மீட்டர்

2023 ஜூன் கடைசியில் ரீடிங் எடுக்க வந்தவர் எழுதிவிட்டுப் போன எண் 640. தொகை 3,110 ரூபாய். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஏ.சி. அதுவும் ஒரு டன், அதுவும் ராத்திரி மட்டும். திருச்சி வெயிலில் அதுகூட இல்லாமல் குழந்தைகள் தூங்காது.

பில்லைப் பார்த்ததும் மாமா ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பட்டப்பகல்ல ஹால்ல லைட்டு எரிஞ்சா இப்படித்தான் வரும்."

மாமா என்றால் என் மாமனார். பணி ஓய்வுக்குப் பிறகு அவருடைய முழுநேர வேலை சுவிட்ச் அணைப்பது. பாத்ரூமில் ஆள் இருக்கும்போதே வெளியிலிருந்து லைட்டை அணைத்துவிடுவார். சமையலறையிலிருந்து கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைக்குப் போய்த் திரும்புவதற்குள் அடுப்பங்கரை இருட்டாகியிருக்கும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் குடும்பம் நடத்திய காலத்தில் ஒவ்வொரு அறையிலும் 60 வாட், 100 வாட் குண்டு பல்பு. அப்போது அணைத்ததற்கு அர்த்தம் இருந்தது. இப்போது எங்கள் ஹாலில் இருப்பது 9 வாட் எல்.இ.டி. அது தினமும் ஒரு மணி நேரம் வீணாக எரிந்தாலும் 60 நாளைக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அரை யூனிட்டுக்காகத் தினம் ஒரு சண்டை.

அப்படியானால் மீதி 639½ யூனிட் எங்கே போனது? அந்தக் கேள்வியோடு நான் கிளம்பிய கதைதான் இது.

முதலில் பில்லையே ஒழுங்காகப் படித்தேன். இத்தனை வருஷமாகத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுவதோடு சரி. நம் ஊரில் வீட்டு மின்கட்டணம் மாடிப்படி மாதிரி. அப்போது இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேலே ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு விலை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 400 வரை யூனிட்டுக்கு 4.50, அடுத்த 100க்கு 6 ரூபாய், அதற்கடுத்த 100க்கு 8 ரூபாய், 600ஐத் தாண்டினால் 9, 800க்கு மேலே 10, ஆயிரத்துக்கு மேலே 11. இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பலர் கவனிக்காதது 500இல் இருக்கும் பள்ளம். மொத்தம் 500க்குள் இருந்தால் 101 முதல் 200 வரைக்கும் பாதி விலைதான், 2.25. 500ஐத் தாண்டிய நிமிஷம் அந்தச் சலுகை போய்விடும். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 2022க்கு முன்னால் இது இன்னும் மோசம். அதே இடத்தில் அறுநூறு ரூபாய்க்கு மேல் தூக்கிப் போடும். 2024 ஜூலையில் கட்டணம் மறுபடி ஏறியது. பைசாக்கள் மாறின, பள்ளம் மட்டும் அதே இடத்தில்தான் இருந்தது.

இதைப் புரிந்துகொண்டதும் எனக்கு ஒன்று விளங்கியது. எங்களுக்கு 640 வந்திருக்கிறது. நான் மிச்சம் பிடிக்கிற முதல் 40 யூனிட் ஒவ்வொன்றும் 9 ரூபாய். அடுத்த 100 ஒவ்வொன்றும் 8 ரூபாய். குறைக்கும்போது மேல்படியிலிருந்துதான் இறங்குகிறோம், விலை கூடின யூனிட்தான் முதலில் போகும். 140 யூனிட் குறைத்தால் போதும், பில் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும்.

சரி, எதைக் குறைப்பது? இங்கேதான் மீட்டர் உதவிக்கு வந்தது.

இப்போதெல்லாம் மீட்டரில் சுழலும் தகடு கிடையாது. அதற்குப் பதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். மீட்டர் முகப்பிலேயே 3200 என்றோ 1600 என்றோ ஒரு எண் அச்சடித்திருப்பார்கள். அத்தனை தடவை மின்னினால் ஒரு யூனிட். எங்களுடையது 3200. கொஞ்சம் வகுத்தல் தெரிந்தால் போதும். இரண்டு மின்னலுக்கு நடுவே எத்தனை விநாடி என்று எண்ணி, 1125ஐ அந்த எண்ணால் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று வந்துவிடும். 1600 மீட்டராக இருந்தால் 2250ஐ வகுக்க வேண்டும். தனியாக எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். செல்போனில் இருக்கும் விநாடிக் கடிகாரம் போதும்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு வீட்டில் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். ஃபேன், லைட், ஏ.சி., ஃப்ரிட்ஜ் எல்லாம். அத்தை, அதாவது என் மாமியார், முந்தானையால் விசிறிக்கொண்டே, "பத்து நிமிஷம்தானே?" என்றார். மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "கரண்ட் போயிடுச்சா? பக்கத்து வீட்ல எரியுதே!" என்றார். அணைப்பதில் இத்தனை ஆர்வமுள்ள மனிதருக்கு மொத்தமாக அணைத்தது மட்டும் பிடிக்கவில்லை.

நான் வாசலில் டார்ச்சோடு மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றேன். ஒன்றுமே ஓடாத வீட்டில் விளக்கு மின்னவே கூடாது. மின்னியது. எண்ணினேன். பன்னிரண்டு விநாடி. மறுபடி எண்ணினேன். அதே பன்னிரண்டு. 1125ஐ 12ஆல் வகுத்தால் ஏறத்தாழ 94 வாட். வீடே இருட்டில் உட்கார்ந்திருக்கிறது, யாரோ 94 வாட் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

94 வாட் பெரிய விஷயமா என்று கேட்கலாம். இந்த ஒரு கணக்கை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஒரு வாட் ராப்பகலாக இரண்டு மாதம் ஓடினால் 1.44 யூனிட். ஆக 94 வாட் என்பது 135 யூனிட். எங்கள் 640இல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படி யாருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

என் கணவர் உள்ளே ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்க, நான் வெளியே எண்ணினேன். டி.வி. பக்கத்திலிருந்த செட்டாப் பாக்ஸ் 12 வாட். ரிமோட்டில் அணைத்தால் அது அணைவதில்லை, சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டு விழித்தே இருக்கிறது. வைஃபை பெட்டியும் ஏ.சி. ஸ்டெபிலைசரும் சேர்ந்து இன்னொரு 12. மீதி 70 வாட் எங்கே என்று தேடினோம். மாடிப்படிக்குக் கீழே, பழைய செய்தித்தாள் கட்டுக்குப் பின்னால் இருந்தது இன்வெர்ட்டர்.

இந்த இன்வெர்ட்டருக்கு ஒரு வரலாறு உண்டு. 2012 நினைவிருக்கிறதா? சென்னைக்கு வெளியே நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த வருஷம். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாரும் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். நாங்களும் வாங்கினோம். 2016இல் ஒருமுறை பேட்டரி மாற்றினோம். அப்புறம் மின்வெட்டே அரிதாகிவிட்டது. இன்வெர்ட்டர் என்று ஒன்று இருப்பதையே மறந்தோம். மாதம் ஒருமுறை அத்தை மட்டும் மறக்காமல் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டிருந்தார். "முன்னெல்லாம் மூணு நாலு மாசம் தாங்கும், இப்ப மாசாமாசம் குடிக்குதுடி" என்று அவர் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பேட்டரிமேல் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரப் பிள்ளை நெற்றி மாதிரி சுட்டது. மறுநாள் பேட்டரிக் கடைக்காரரிடம் விசாரித்ததும் விஷயம் தெளிவானது. இந்த வகை பேட்டரிக்கு ஆயுள் நாலைந்து வருஷம். வயதானதும் உள்ளே தகடுகளில் சல்ஃபேட் படிந்து, எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் நிறைந்ததாகக் காட்டாது. இன்வெர்ட்டர் என்ன செய்யும்? 'இன்னும் நிறையலையே' என்று ராப்பகலாக ஏற்றிக்கொண்டே இருக்கும். அந்த மின்சாரம் வெறும் சூடாகிறது, தண்ணீரை ஆவியாக்குகிறது. அத்தை ஊற்றிய தண்ணீர் எல்லாம் நாங்கள் காசு கொடுத்துக் கொதிக்க வைத்த தண்ணீர்.

இதில் இன்னொரு ஏமாற்று. "நான்தான் ராத்திரி இன்வெர்ட்டர் சுவிட்சை ஆஃப் பண்ணிடறேனே" என்றார் மாமா. முன்பக்க சுவிட்சை அணைத்தால் கரண்ட் போகும்போது அது வேலை செய்யாது, அவ்வளவுதான். சார்ஜ் ஏறுவது நிற்காது. பின்னால் இருக்கும் பெரிய பிளக்கைப் பிடுங்கினால்தான் நிற்கும். நாங்கள் பிடுங்கியதும் கீ கீ என்று கத்தியது. முன் சுவிட்சையும் அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். பன்னிரண்டு விநாடி நாற்பத்தேழு விநாடி ஆகியிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருந்தால் வேறு மாதிரி நினைத்திருப்பார்.

புது பேட்டரி வாங்குவதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு வாரம் விவாதம். எங்கள் பகுதியில் இப்போது கரண்ட் நிற்பது மாதம் ஒருமுறை, பராமரிப்புக்காக. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை. முதல்நாளே பேப்பரில் போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு நாளுக்காகப் பன்னிரண்டாயிரம் செலவழித்து, வருஷம் முழுக்கச் சோறு போட வேண்டுமா? வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பழைய பேட்டரியை எடைக்குப் போட்டோம், நல்ல விலைதான் கிடைத்தது. எலக்ட்ரீஷியன் வந்து இன்வெர்ட்டர் லைனை நேரடியாக மெயினில் சேர்த்துக் கொடுத்தார். சார்ஜ் ஏற்றும் எமர்ஜென்சி விளக்கு இரண்டு வாங்கினோம். பராமரிப்பு நாளில் மாமா நூலகத்துக்குப் போய்விடுகிறார். உங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக யாராவது இருந்தால், ஆக்சிஜன் கருவி, இன்சுலின் மாதிரி விஷயங்கள் இருந்தால், இந்த முடிவு உங்களுக்குப் பொருந்தாது. புது பேட்டரியே வாங்குங்கள். சாகக் கிடக்கும் பழையதை மட்டும் வைத்துக்கொண்டு அழாதீர்கள்.

இன்வெர்ட்டரை நிறுத்திய அந்த ஒன்றிலேயே 100 யூனிட் மிச்சம்.

அடுத்தது ஃபேன். இதில் நான் முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஏதோ தள்ளுபடியில், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்று வாங்கி, புதுசாயிற்றே என்று விருந்தாளி அறையில் மாட்டினேன். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வருவது வருஷத்தில் பத்து நாள். ஒரு மாதம் கழித்துத்தான் புத்தி வந்தது. கழற்றி ஹாலில் மாட்டினோம். ஹால் ஃபேன் காலை ஆறு மணியிலிருந்து நடுராத்திரி வரை, பதினெட்டு மணி நேரம் ஓடுவது. சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும், இது 30. அந்த 45 வாட் வித்தியாசம் 60 நாளில் 48 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. வாட் எத்தனை என்பதோடு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் எதை மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். விலை மூவாயிரம் ரூபாய் போல ஆகும். மேல்படியில் இருக்கிற வீடு என்றால் ஒன்றரை வருஷத்துக்குள் திரும்பி வந்துவிடும். 200 யூனிட்டுக்குள் இருக்கிற வீடு அவசரப்பட வேண்டியதில்லை, பழையது கெட்டுப்போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஃபேனை முதலில் இந்தியாவில் செய்து விற்றது நம் கோயம்புத்தூர்க்காரர்கள். 2012இல் 'சூப்பர்ஃபேன்' என்ற பெயரில். மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டரில் அதிக நேரம் ஓடும் என்றுதான் பலர் வாங்கினார்கள். இப்போது எல்லாக் கம்பெனியும் செய்கிறது. ஒரு எச்சரிக்கை: இதைப் பழைய ரெகுலேட்டர் வழியாகக் கொடுக்கக் கூடாது, நேராக இணைக்க வேண்டும். வேகம் மாற்ற ரிமோட். எங்கள் ரிமோட் மூன்றாம் வாரமே சோபா இடுக்கில் போய் ஒளிந்துகொண்டது, அது வேறு கதை. சுவரில் பெட்டி மாதிரி பெரிய பழைய ரெகுலேட்டர் வைத்திருப்பவர்கள் அதையாவது மாற்றிவிடுங்கள். அது வேகத்தைக் குறைக்கிற போது மிச்சமாகிற மின்சாரத்தைச் சூடாக்கித் தொலைக்கிற ரகம்.

மூன்றாவது, நான் கனவிலும் நினைக்காத இடம். கக்கூஸ் ஃப்ளஷ் டேங்க். மாடித்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடினால் மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் மோட்டார் தினம் நாற்பது நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பேர் இருக்கிற வீட்டுக்கு அது நியாயம் என்றே நினைத்திருந்தேன். தண்ணீர் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்க்க அத்தைதான் வழி சொன்னார். சொட்டு நீலத்தை ஃப்ளஷ் டேங்கில் நாலு சொட்டு விட்டுவிட்டு, யாரும் தண்ணீர் விடாமல் அரை மணி நேரம் விட்டுவைத்தோம். கீழே பீங்கானில் நீலமாக இறங்கியிருந்தது. உள்ளே வாஷர் தேய்ந்து, நூல் மாதிரி தண்ணீர் இரவும் பகலும் ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. வாஷர் விலை மிகச் சொற்பம். மோட்டார் நேரம் இருபத்தைந்து நிமிஷமாகக் குறைந்தது. 15 யூனிட். தண்ணீர் மிச்சமானதற்குக் கணக்கே இல்லை.

செட்டாப் பாக்ஸைப் பார்க்காத நேரத்தில் பிளக்கிலேயே அணைக்கிறோம். 13 யூனிட். அந்த வேலை மாமாவிடம் ஒப்படைக்கப்பட்டது. மனிதருக்கு இப்போது அணைப்பதற்கு உருப்படியான ஒரு சுவிட்ச் இருக்கிறது.

ஏ.சி. பற்றி எல்லாரும் எழுதியாயிற்று, நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 24இல் வைத்திருந்ததை 26 ஆக்கி, கூடவே ஃபேனை இரண்டில் ஓடவிட்டோம். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரை ஏ.சி.க்கள் போட்டவுடன் 24இல் தொடங்க வேண்டும் என்று விதி வந்ததும் அதனால்தான். 18இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது கட்டுக்கதை. குளிர்கிற வேகம் அதேதான், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது, அவ்வளவுதான். ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாயடியில் கழுவுங்கள். மொட்டை மாடிக்கு மார்ச்சிலேயே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள், நம் பாட்டிகள் காலத்து வித்தை, ராத்திரி அறைக்குள் நுழையும்போதே தெரியும்.

கீசர், திருச்சி வெயில்காலத்தில் வேண்டவே வேண்டாம், மாடித்தொட்டித் தண்ணீரே கையைச் சுடும். மார்கழியில் போட்டால் குளிக்கப் போகும் கால்மணி நேரம் முன்னால் போட்டு, குளித்ததும் அணையுங்கள். பதினைந்து லிட்டர் சுட வைக்க அரை யூனிட் ஆகும். ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பத்து ரூபாய் நோட்டை இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். எங்களுடையது தேறிவிட்டது. மிக்ஸி, கிரைண்டர், செல்போன் சார்ஜர் பற்றியெல்லாம் கவலைப்படாதீர்கள். அதில் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒரு பாவமன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். பொருட்காட்சியில் ஒருவர் பிளக்கில் செருகினால் 40 சதவீதம் கரண்ட் மிச்சம் என்று ஒரு டப்பாவை விற்றார். அவர் காட்டிய கருவியில் ஆம்பியர் நிஜமாகவே குறைந்தது. 800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பிறகு உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு கெபாசிட்டரும் ஒரு பச்சை விளக்கும். கெபாசிட்டர் ஆம்பியரைக் குறைத்துக் காட்டும், உண்மைதான். ஆனால் நம் வீட்டு மீட்டர் எண்ணுவது அதை இல்லை, யூனிட்டை. அந்த டப்பாவால் என் வீட்டில் கூடுதலாக எரிந்தது அந்தப் பச்சை விளக்கு மட்டுமே.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன் மீட்டர் எண்ணைப் படித்து வந்து தினசரிக் காலண்டரில் எழுதுவான். கடைசியாக ரீடிங் எடுத்த தேதியிலிருந்து முப்பதாம் நாள் 250ஐத் தாண்டினால் எல்லாருக்கும் எச்சரிக்கை. 500 பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நடப்பதற்கும், பில் வந்த பிறகு விழுந்தது தெரிவதற்கும் வித்தியாசம் இருக்கிறதே. ஒருமுறை கடைசி வாரத்தில் 485ஐத் தொட்டுவிட்டது. மூன்று ராத்திரி ஏ.சி.யை விட்டுவிட்டு மொட்டை மாடியில் பாய் விரித்தோம். ரீடிங் எடுக்க வர இரண்டு நாள் தாமதமானதில்தான் எனக்கு அடிவயிறு கலங்கியது. 498இல் தப்பினோம்.

2024 மே, ஜூன் பில்: 462 யூனிட், 1,497 ரூபாய். அந்தக் கோடை முந்தையதைவிடக் கொடுமை, ஏ.சி. கூடுதல் நேரம் ஓடியது. இரண்டு வருஷமும் எங்களுக்கு ஒரே கட்டண விகிதம்தான், ஆகவே குறைந்த 1,613 ரூபாயும் நாங்களே குறைத்தது.

இன்று ராத்திரி படுக்கப் போகும் முன்னால் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் விளக்கை எண்ணுங்கள். பெட்டியைத் திறக்கவோ வயரைத் தொடவோ வேண்டாம், பார்த்தால் போதும். மெயினையே அணைத்த பிறகும் மின்னினால் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அப்படியே மாடிப்படிக்குக் கீழே குனிந்து, பேட்டரிமேல் ஒட்டியிருக்கும் வாங்கின தேதியையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.